மழைமானியின் வீடு

ஜூன் 9, திங்கள்

காலை 8.30. மழை இல்லை. குறைந்த வெப்பம் 26.4. மேற்குக் காற்று பலம். மாடிக் கொடியில் வேட்டிக்கு இரண்டு கிளிப் போட்டும் நிற்கவில்லை.

வானிலை நிலையத்தில் முப்பத்தாறு வருடம் காலை இதே நேரத்திலும் மாலை 5.30க்கும் இதே எண்களை எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் மொட்டை மாடியில் ஒரு மழைமானியும் ஒரு வெப்பமானியும் வைத்து எழுதிவருகிறேன். யாரும் கேட்பதில்லை. நிறுத்தத்தான் தைரியம் வரவில்லை.

பியூலா நாகர்கோவில் போய் இன்றோடு பத்து நாள். அவள் தங்கை எமிலிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. உதவிக்கு ஆள் வேண்டும், போயிருக்கிறாள். வேறு காரணம் எதுவும் இல்லை.

மதியம் பெங்களூரிலிருந்து மகள் ஷீபா பேசினாள்.

"அப்பா, அம்மா வீட்டைப் பாத்தீங்களா?"

"எந்த வீட்டை? நாகர்கோவில் வீட்டையா?"

"அது சித்தி வீடு. அம்மா ஃபோன்ல ஒரு வீடு கட்டியிருக்காங்கல்லா, அது. நாலு வருஷமா கட்டுறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

சாப்பாட்டுக்குப் பிறகு பியூலா ஃபோனும் கையுமாக இருப்பாள் என்பது தெரியும். வேத வசனம் படிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

ஜூன் 11, புதன்

மழை இல்லை. 26.1.

ஷீபா அனுப்பிய விளையாட்டை ஃபோனில் ஏற்றினேன். பெயர் 'தூக்கணாங்கூடு'. பெயர் கேட்டது. சொந்தப் பெயரை இந்த மாதிரி இடங்களில் கொடுக்கலாமா என்று தெரியவில்லை. பத்து நிமிடம் யோசித்து 'மழைமானி' என்று கொடுத்தேன்.

ஒரு காலி அறை கொடுத்தார்கள். தரை பதினாறுக்குப் பதினாறு கட்டம். ஒரு முக்காலி. நாளுக்கு ஒரு பொட்டலம் வருமாம். அதில் ஏதாவது ஒரு வீட்டுச் சாமான் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வரிசையைச் சேர்ந்தது. சில வரிசைகள் லேசில் முடியாது, ஆட்கள் வருடக்கணக்கில் சேர்க்கிறார்களாம். விற்க முடியாது, வாங்க முடியாது. கிடைத்ததை மாற்றிக்கொள்ளலாம், கொடுக்கலாம்.

முக்காலியைச் சுவரோரம் வைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

இன்றைய பொட்டலம்: ஜமுக்காளம், ஒன்று.

ஜூன் 14, சனி

மழை இல்லை. 25.8.

அவள் வீட்டின் பெயரை ஷீபா சொல்லியிருந்தாள்: 'பியூலா பவனம்'. சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குள் போவது முறையா என்று இரண்டு நாள் தயங்கினேன். விதிமுறைகளை முழுவதும் படித்தேன். கதவு திறந்திருந்தால் யாரும் உள்ளே போகலாம் என்றுதான் இருக்கிறது. திறந்திருந்தது.

பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கட்டில் ஜன்னலுக்கு நேர் கீழே. தலைமாடு ஜன்னல் பக்கம். மழை வந்தால் நனையாதா?

ஆறு நாற்காலிகள். ஒன்றுகூடச் சுவரோடு இல்லை. இரண்டு, அரைகுறையாக ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன, எழுந்துபோனவர்கள் இப்போது வந்துவிடுவார்கள் என்பதுபோல. ஒன்று வாசலைப் பார்த்திருக்கிறது. ஒரு சாய்வு நாற்காலி சமையலறையைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அதில் உட்கார்ந்தால் அடுப்பைத் தவிர என்ன தெரியும்? காரணம் புரியவில்லை.

விளக்கு தரையில். ஜமுக்காளம் கோணலாக. நான் எண்ணிய வரையில் பதினோரு சாமான் 'பர்மா வரிசை'. மொத்தம் பன்னிரண்டு. வட்ட மேசை மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தை நடுவில் காலியாக விட்டிருக்கிறாள்.

வருகைப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினாலு பேர் எழுதியிருக்கிறார்கள். 'அக்கா உங்க வீட்ல இருந்தா போகவே மனசு வராது' என்று ஒரு பெண். நான் எதுவும் எழுதாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஆலயத்தில் பின்வரிசை தேவபாலன் சார் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், பியூலாக்கா எப்ப வாராவ? கொயர்ல ஒரு குரல் குறையுது." எமிலியின் கால் சரியானதும் என்றேன். "அவ போன வாரமே எங்க மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துட்டாளே! நல்லா நடந்தா" என்றார்.

வேறு எமிலியாக இருக்கலாம்.

ரசத்தில் உப்பு இரண்டு முறை போட்டுவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மழை இல்லை. 26.0.

பியூலா பவனத்தில் இருந்தபோது அவளும் வந்துவிட்டாள். தப்பித்து வெளியேற எந்த இடத்தை அழுத்துவது என்று தெரிவதற்குள் எழுத்து வந்தது.

'வாங்க மழைமானி. நின்னுக்கிட்டே இருக்கீங்களே. உக்காருங்க.'

'வணக்கம். உங்கள் வீடு நன்றாக இருக்கிறது.'

'தேங்க்ஸ். உங்க வீட்டையும் எட்டிப் பாத்தேன். ஏன் எல்லாத்தையும் சுவத்தோட ஒட்டி வச்சிருக்கீங்க? சாமான்லாம் தண்டனைக்கு நிக்கிற பிள்ளைங்க மாதிரி இருக்கு.'

'நடக்க இடம் வேண்டும் அல்லவா.'

'யார் நடக்கா அங்க? நீங்க ஒரு ஆளுதானே?'

பிறகு அவளே, 'இங்க நல்ல மழை' என்றாள். எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்க விரல் போய்விட்டது. கேட்டால் யாரென்று தெரிந்துவிடும். அடக்கிக்கொண்டேன்.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை. அது ஒரு விதத்தில் நிம்மதி. சொந்த மனைவியிடம் வேற்றாள்போலப் பேசியது சரியா என்பதை நாளை யோசிக்க வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

பியூலாவிடம் ஃபோனில் நேராகப் பேசினேன்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன். கால் எப்படி இருக்கு?"

"யாருக்கு?"

"எமிலிக்கு."

"இருக்கு."

"சரி."

"சரி."

ஐம்பத்திரண்டு விநாடி. விளையாட்டுக்குள் செவ்வாயன்று இருபது நிமிடம் பேசினாள்.

ஜூன் 22, ஞாயிறு

மழை, தூறல், 0.4 மி.மீ. மேற்கே மலையில் மேகம்.

அவள் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதாவது அவளுடைய பொம்மை உருவம். நானும் ஒரு நாற்காலியில். கேள்விகள் கேட்டாள்.

'உங்க வீட்டம்மா விளையாட மாட்டாங்களா?'

'ஊருக்குப் போயிருக்கிறார்.'

'எப்ப வருவாங்க?'

'தெரியாது.'

'கேக்கலாமே.'

'கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியவில்லை.'

'அதுக்குத்தானே கேக்கது?'

கொஞ்ச நேரம் கழித்து, அவள் தங்கை வீட்டு மாடியறை காலியாக இருப்பதாகவும், ஜன்னல் பெரிது என்றும், கட்டிலை ஜன்னலோரம் போட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதினாள். 'அங்கேயே இருந்துரலாமான்னு யோசனை. நீங்க என்ன சொல்லுதீங்க?'

வானிலை நிலையத்தில் நான் அளவு எடுப்பவன். நாளை என்ன ஆகும் என்று சொல்வது சென்னையில் இருந்தவர்கள் வேலை. முப்பத்தாறு வருடத்தில் ஒரு முறைகூட நான் முன்னறிவிப்பு சொன்னதில்லை. 'எனக்குச் சொல்லத் தெரியவில்லை' என்று எழுதினேன்.

'அது தெரிஞ்சதுதான்' என்றாள்.

எப்படித் தெரியும்?

ஜூன் 25, புதன்

இன்றைய பொட்டலத்தில் பர்மா வரிசை வட்ட மேசை!

ஃபோனைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவி வந்து மறுபடி பார்த்தேன். வட்ட மேசைதான். ஒற்றைக் கால், அடியில் சிங்கப் பாதம். நான்கு வருடமாக அவளுக்குக் கிடைக்காதது, எனக்குப் பதினைந்தாம் நாள் கிடைத்திருக்கிறது. தகுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் வீட்டுக்குள் மூன்று சுற்று நடந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

மேசையைக் கொடுப்பதாகச் சொன்னேன். அவள் ஒரு வரிசை இதயக்குறிகளை அனுப்பினாள். மணமான இந்த முப்பத்தெட்டு வருடத்தில் அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் இதயக்குறிகள் என்று நினைக்கிறேன். அதுவும் எனக்கு அல்ல, மழைமானிக்கு.

'சாவி தாரேன். நீங்களே கொண்டுவந்து வைங்க. நாளைக்கு எமிலியோட கடைக்குப் போவணும்' என்றாள். இந்த விளையாட்டில் சாவி என்பது பெரிய மரியாதை. சாவி உள்ளவர் அந்த வீட்டில் எதையும் நகர்த்தலாம். அவள் வேறு யாருக்கும் கொடுத்ததில்லையாம்.

ஜூன் 28, சனி

மழை இல்லை. 25.9. மனம் மிகத் திருப்தியாக இருக்கிறது.

மேசையை அவள் விட்டிருந்த காலி இடத்தில் வைத்தேன். வைத்தபின் பார்த்தால், மற்றவை கோணலாக இருப்பது இன்னும் அதிகமாகக் கண்ணில் பட்டது. இவ்வளவு நல்ல மேசை, சுற்றிலும் இப்படியா? வரைபடத் தாளில் பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்டு, ஒவ்வொரு சாமானுக்கும் இடம் குறித்துக்கொண்டு, நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒழுங்குசெய்தேன். கட்டில் உள்சுவரோரம், மழை படாமல். நாற்காலிகள் ஆறும் ஒரே வரிசையில். ஜமுக்காளம் நேராக. சாய்வு நாற்காலி மூலையில். விளக்கு மேசைமேல்.

திரும்பி வந்து பார்த்தால் அவளுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் பதிவேட்டில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'அக்கா என்னாச்சு? டாக்டர் வீட்டு வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கு.'

அதற்குக் கீழே பியூலா எனக்கு எழுதியிருந்தது:

'சாவிய எடுத்துட்டேன். நீங்க அங்கயும் வந்துட்டீங்க.'

நான் உடனே கேட்டேன்: 'என்னைத் தெரியுமா?'

'இந்த விளையாட்டுல ஒவ்வொரு வரிக்கும் முற்றுப்புள்ளி வைக்கிற ஆள் வேற யாரு இருக்கா? முதல் நாளே தெரியும். மேசையோட நிறுத்திக்கிடுவீங்கன்னு நெனச்சேன்.'

பியூலா பவனத்தின் கதவு மூடியிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

அளவு எடுக்கவில்லை. அளவு தவறினால் காரணம் எழுத வேண்டும் என்பது நிலையத்தின் விதி. காரணம்:

ஜூலை 2, புதன்

நேற்று காரணம் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

கருவியை இடம் மாற்றக் கூடாது. இது வேலையில் சேர்ந்த முதல் வாரம் கற்றது. மழைமானியை நான்கு அடி தள்ளி வைத்தாலும் பழைய அளவும் புதிய அளவும் ஒப்பிட உதவாது, பதிவு அறுந்துவிடும். இதை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம். முதல் வெள்ளையடிப்பு முடிந்ததும் ஒவ்வொரு சாமானின் கால்களுக்கு அடியிலும் தரையில் சிவப்பு பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன். எப்போது நகர்த்தினாலும் திரும்ப அதே இடத்தில் வைக்க வசதி. நாற்பத்தாறு புள்ளி. பெருக்கித் துடைத்துவிட்டு, பியூலா அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் நாற்காலிகளை வைப்பாள். கட்டிலை ஜன்னலோரம் போடலாமா என்று அவள் கேட்டது எத்தனை முறை என்று நான் பதிவு செய்யவில்லை. எல்லாவற்றையும் பதிவு செய்பவன்.

மே 27, செவ்வாய்க்கிழமை நான் பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கட்டில் ஜன்னலோரம் இருந்தது. கூடத்து நாற்காலிகள் வட்டமாக. என் சாய்வு நாற்காலி திரும்பியிருந்தது. அவள் தனியாக இழுத்திருக்கிறாள், அறுபத்தேழு வயதில். வியர்வையோடு வாசலில் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

செருப்பைக் கழற்றினேன், காலைக்கூடக் கழுவவில்லை. ஒவ்வொன்றையும் புள்ளிக்கு இழுத்து வைத்தேன். கோபம்கூட இல்லை. அதுதான் இன்னும் மோசம் என்று இப்போது தோன்றுகிறது. நான்கு நாள் கழித்து அவள் நாகர்கோவில் போனாள்.

ஜூலை 4, வெள்ளி

மழை இல்லை. 25.5.

எமிலி பேசினாள்.

"அத்தான், எனக்குக் கால் நல்லா நடக்கு. அக்காவை நான் ஒண்ணும் கட்டி வைக்கல, கேட்டீங்களா?"

"தெரியும்மா."

"மாடியறைக்கு வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லியாச்சு. திங்கள்கிழமைக்கு அடுத்த திங்கள் வருவான். அதுக்குள்ள உங்களுக்கு வாய் இருக்கான்னு பாப்போம்."

"அவ ஏதாவது சொன்னாளா?"

"நீங்க ஏதாவது கேட்டாத்தானே அவ ஏதாவது சொல்லுவா!"

திங்களுக்கு அடுத்த திங்கள் என்றால் பதினாலாம் தேதி.

ஜூலை 5, சனி

சோதனை. விளையாட்டில் என் அறையில் ஒரே ஒரு நாற்காலியைச் சுவரிலிருந்து மூன்று கட்டம் தள்ளி, கொஞ்சம் திருப்பி வைத்தேன். ஒன்றும் இடியவில்லை. அறை திடீரென்று யாரோ குடியிருக்கும் அறை மாதிரி ஆகிவிட்டது. இது எப்படி நடக்கிறது? இரண்டு முறை பழைய இடத்தில் வைத்து, இரண்டு முறை மறுபடி நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே முடிவு.

பிறகு நிஜ வீட்டில். என் சாய்வு நாற்காலியை, பியூலா அன்று வைத்திருந்த ஞாபகத்தில், ஓர் அடி முன்னால் இழுத்து இடப்பக்கம் திருப்பினேன். உட்கார்ந்தேன். வழக்கமான இடத்திலிருந்து எனக்குக் காலண்டரும் தொலைக்காட்சியும் தெரியும். இங்கிருந்து சமையலறை தெரிந்தது. அடுப்பு, அதன் முன்னால் அவள் நிற்கும் இடம், அவள் கை துடைக்கும் நீலத் துண்டு. முப்பத்தொரு வருடம் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கூடத்திலிருந்து அவள் நிற்கும் இடம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அங்கே நிற்பவருக்கும் இங்கே உட்கார்ந்திருப்பவர் தெரிவார்.

பியூலா பவனத்தின் சாய்வு நாற்காலி ஏன் அடுப்பைப் பார்த்தது என்பதற்குக் காரணம் கிடைத்த மாதிரி இருக்கிறது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவளைக் கேட்க வேண்டும்.

ஜூலை 7, திங்கள்

டர்பென்டைன் வாங்கிவந்தேன். கடைக்காரர், "என்ன சார், பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?" என்றார். "இல்லை, எடுக்கப் போகிறேன்" என்றேன்.

ஒரு புள்ளிக்குச் சராசரி நான்கு நிமிடம். முழங்கால் வலியால் நடுவில் இரண்டு முறை நிறுத்தினேன். இன்று இருபத்தெட்டு. மீதி பதினெட்டு நாளைக்கு.

ஜூலை 8, செவ்வாய்

நாற்பத்தாறும் போயிற்று. துடைப்பதற்காகக் கூடத்தின் நடுவில் குவித்த சாமான்களை எங்கே வைப்பது என்று நின்றேன். கை தானாகச் சுவரோரம் போனது. இழுத்துக்கொண்டேன். குவியல் அப்படியே இருக்கட்டும்.

பிறகு ஃபோன். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். எடுத்ததும் தாள் காற்றில் போய்விட்டது.

"பியூலா. எப்ப வாறே?"

கூரையில் மழை விழும் சத்தம் மட்டும் அந்தப் பக்கம்.

"முப்பத்தொன்பது நாளாச்சு, இதைக் கேக்க."

"ஆமா."

"வந்தா? எல்லாம் புள்ளியிலதானே இருக்கும்?"

"புள்ளி இல்ல. எடுத்துட்டேன். சாமான் எல்லாம் நடுவுல கிடக்கு."

"நடுவுலயா? அப்ப நீங்க எங்க நடக்கீங்க?"

"சுத்தித்தான்."

அவள் சிரித்தாள். எமிலியிடம் ஏதோ சொல்வது கேட்டது, அங்கேயும் சிரிப்பு.

"எங்கெங்க வைக்கணும்னு எனக்குத் தெரியல. நீ சொல்லணும்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள். வருவதாகச் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கடைசியில் ஒன்றைக் கேட்க விட்டுப்போயிற்று. நாகர்கோவிலில் எத்தனை மில்லிமீட்டர்?

ஜூலை 10, வியாழன்

பியூலா பவனத்தின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே எல்லாம் பழையபடி கோணலாக. வட்ட மேசை மட்டும் நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஜூலை 12, சனி

மழை இல்லை. 25.7. பதினொன்றேகால் மணிக்கு ஆட்டோ வந்து நின்றது.

பையை வாசலில் வைத்துவிட்டு, குவியலைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள்.

"டர்பென்டைனா? ஜன்னலைத் திறந்து வச்சுத்தானே தேச்சீங்க? தலைசுத்தி விழுந்திருந்தா யாரு பாப்பா?"

"திறந்துதான் வச்சிருந்தேன்."

"காப்பி போடுங்க. பால் கெட்டுப்போகாம இருக்கா?"

இருந்தது. குவியலின் உச்சியில் கிடந்த ஒரு நாற்காலியை இறக்கி, கூடத்தின் நடுவிலேயே போட்டு உட்கார்ந்து குடித்தாள். "இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு ஆலயம் போய்ட்டு வந்து பாப்போம்" என்றாள்.

எங்கே வைப்பாள் என்று எனக்குத் துளிகூடத் தெரியவில்லை. எனக்கு இது பிடித்திருக்கிறது என்பதும் விசித்திரமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

மழை இல்லை. 25.6.

அவள் சொன்னாள், நான் இழுத்தேன். கட்டில் ஜன்னலோரம். "மழை வந்தா?" என்றேன். "ஜன்னலைச் சாத்துவோம்" என்றாள். இந்தப் பதில் முப்பத்தொரு வருடமாக எனக்குத் தோன்றவில்லை.

நாற்காலிகள் வட்டமாக, ஒன்று வாசலைப் பார்த்து. சாப்பாட்டு மேசையை மட்டும் இழுத்து, தள்ளி, திருப்பி, கடைசியில் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். ஜன்னல் விளிம்பிலிருந்து கண்ணால் அளந்தேன். பழைய இடமேதான், ஓர் அங்குலம் தவறாமல்.

"புள்ளி இல்லாம எப்படித் தெரிஞ்சது?"

"புள்ளியைப் பாத்தா வச்சேன்? அது அங்கதான் நல்லா இருக்கு. எது எங்க இருக்கணும்னு பெருக்குறவளுக்குத் தெரியாதா?"

நான்கு புள்ளிகளை வீணாக அழித்திருக்கிறேன். பதினாறு நிமிடம்.

என் சாய்வு நாற்காலியை அவளே திருப்பினாள். கேட்க நினைத்திருந்த காரணத்தைக் கேட்காமலே உட்கார்ந்தேன். அவள் மாலைக் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்தாள், நீலத் துண்டில் கையைத் துடைத்தாள், திரும்பினாள்.

"என்ன அப்படிப் பாக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. நாகர்கோவில்ல எவ்வளவு மழை?"

"நெனச்சேன்!" என்றாள். "எமிலி வீட்டு வாளியில பாதி. மில்லிமீட்டர்லாம் தெரியாது."

மாலை 5.30 அளவு 5.55க்கு எடுத்தேன். மழை இல்லை. தாமதத்துக்குக் காரணம்: உட்கார்ந்திருந்தேன்.